காற்றடித்த பிறகு கீற்றுக் கூரை ஒழுகுகிறது, ஓட்டை எங்கே என்று தெரியவில்லை

தோப்புக்காரன், வாழப்பாடி

வணக்கம். எங்கள் தென்னந்தோப்பில் ஒரு கீற்று வீடு இருக்கிறது. 20 அடி நீளம், 12 அடி அகலம், இரண்டு பக்கச் சரிவு, எல்லாம் மூங்கில் கட்டு. ஆயா அதில்தான் இருக்கிறார். எங்கள் மெத்தை வீட்டுக்கு (கான்கிரீட் கூரை போட்ட வீடு) வாங்க என்று கூப்பிட்டால், "அந்த அடுப்புக்குள்ள என்னால படுக்க முடியாது" என்பார். கத்திரி வெயிலில் அவர் சொல்வது நியாயமாகத்தான் படுகிறது.

போன செவ்வாய் சாயங்காலம் கோடை மழை. மழை அரைமணி நேரம்தான், காற்றுதான் பேய்க்காற்று. மலைப் பக்கமிருந்து அடித்ததில் முருங்கை இரண்டாக முறிந்தது. கூரை பறக்கவில்லை. வெளியே நின்று பார்த்தால் வடக்குச் சரிவின் கீழ் ஓரத்தில் நாலைந்து கீற்று தூக்கிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். ஆனால் சொட்டுவது தெற்குச் சரிவில், ஆயா கட்டிலுக்கு நேர் மேலே! அந்த இடத்தில் இரண்டு புதுக் கீற்று செருகினேன். நேற்றுத் தூறலுக்கு மறுபடியும் அதே இடத்தில் சொட்டு.

கூரை வேய்ந்து 2 வருஷம் ஆகிறது. மேலே ஏறிப் பார்க்கலாமா? அப்புறம் இன்னொன்று: கொஞ்ச நாளாகக் கட்டில் மேல் மாவு மாதிரி தூசி விழுகிறது. எலி வேலை என்று நினைக்கிறேன். அதற்கும் ஏதாவது மருந்து இருந்தால் சொல்லுங்கள்.

டவுன்வாசி, சேலம்

பிரித்துப் போட்டுவிட்டுத் தகரம் அடியுங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை யார் கீற்று தேடி அலைவது?

தோப்புக்காரன்

தோப்பே எங்களுடையது, கீற்றுக்குப் பஞ்சமில்லை. தகரத்துக்குக் கீழே ஒரு மே மாத மத்தியானம் உட்கார்ந்து பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கொட்டகை வேலை, ஓமலூர்

தம்பி, முதலில் அந்த மாவு எலி வேலை இல்லை. எலி கடித்தால் நார் நாராக, துண்டு துண்டாக விழும். கோதுமை மாவு போல நைசாக விழுந்தால் மூங்கில் உளுத்துப்போகிறது என்று அர்த்தம். வண்டு உள்ளே இருந்து தின்கிறது. உங்கள் ஒழுகலும் இந்த மாவும் ஒரே கதைதான் என்று எனக்குப் படுகிறது.

இப்போதைக்கு மேலே ஏறாதீர்கள். உளுத்த மூங்கில் ஆள் பாரம் தாங்காது, காலை வைத்த இடத்தில் ஒடியும். சர்வீஸ் ஒயர் கூரையை ஒட்டிப் போகிறதா என்றும் பாருங்கள். காற்றில் தொய்ந்து ஈரக் கீற்றைத் தொட்டுக்கொண்டிருந்தால் மின்வாரிய ஆள் வந்து சரிசெய்கிற வரை ஏணியே சாத்தக் கூடாது.

கூரையை உள்ளே இருந்துதான் பார்க்க வேண்டும். உச்சி வெயிலில் கதவு சன்னலைச் சாத்திவிட்டு ஐந்து நிமிஷம் கண் பழகும் வரை நில்லுங்கள். வெளிச்சம் புள்ளிப் புள்ளியாகத் தெரிகிற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சொட்டுகிற இடத்துக்கு மேலேயே ஓட்டை இருக்காது. எங்கேயோ மேலே நுழைந்த தண்ணீர் கைமரத்தை, அதாவது முகட்டிலிருந்து சுவர் வரை சரிவாகப் போட்ட மூங்கிலை, பிடித்துக்கொண்டே இறங்கி, கைமரம் எங்கே தொய்ந்திருக்கிறதோ அங்கே வந்து சொட்டும். நீங்கள் செருகின இரண்டு கீற்றும் வீண், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் ஒவ்வொரு கைமரத்தையும் ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள். நல்ல மூங்கில் ணங்கென்று கேட்கும், உளுத்தது பொத்தென்று கேட்கும். குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டைகள் இருக்கும். சந்தேகம் வந்தால் ஆணியால் குத்துங்கள்.

முகட்டில் கட்டு எந்தக் கயிறு? உச்சி உயரம் எவ்வளவு? கயிறு கட்டி அளந்து சொல்லுங்கள். ஆயா எதில் சமைக்கிறார்?

தோப்புக்காரன்

அண்ணா, சமையல் எதில் என்று ஏன் கேட்டீர்கள் என்று புரியவில்லை. முன்பு விறகடுப்பு, கூரை வேய்ந்த வருஷம்தான் காஸ் வாங்கிக் கொடுத்தேன்.

நீங்கள் சொன்னபடி பார்த்தேன். கட்டிலுக்கு மேலே ஒரு புள்ளி வெளிச்சம்கூட இல்லை. ஆனால் முகட்டில் மூன்றடி நீளத்துக்குக் கீறல் மாதிரி வானம் தெரிகிறது! முகட்டுக் கீற்று தெற்குப் பக்கம் சரிந்து கிடக்கிறது. அதற்குக் கீழே இரண்டு கைமரம் பொத்து பொத்து என்றது. ஆணி அழுத்தாமலேயே இறங்கிவிட்டது. அதில் ஒன்று நடுவில் நாலு விரல்கடை தொய்ந்திருக்கிறது, சரியாகக் கட்டிலுக்கு மேலே. முகட்டில் தென்னங்கயிறு, தொட்டால் பிய்கிறது. உச்சி உயரம் சுவர் மட்டத்திலிருந்து 4 அடி.

கொட்டகை வேலை, ஓமலூர்

நினைத்தேன். மூங்கிலில் இருக்கிற மாவுச்சத்துக்காகத்தான் வண்டு வருகிறது. விறகடுப்புப் புகை ஏறிக் கறுத்த மூங்கிலை அது லேசில் தொடாது. புது மூங்கில் போட்ட வருஷமே புகையை நிறுத்திவிட்டீர்கள். காஸ் வாங்கிக் கொடுத்தது தப்பென்று சொல்லவில்லை, ஆயா நெஞ்சுக்கு நல்லதுதான். ஆனால் கூரைக்கு அது காவலாக இருந்தது.

காற்று வடக்கு ஓரத்தில் புகுந்து தூக்கியிருக்கிறது. உளுத்த கைமரம் இறங்கியதும் முகட்டுக் கட்டு விட்டுப்போய், மேல் கீற்று தெற்கே சரிந்துவிட்டது. புயல் தள்ளியது, விழத் தயாராக இருந்தது விழுந்தது.

இன்னொரு குறை, அது உங்கள் தச்சருடையது. 12 அடி அகலத்துக்குப் பாதி 6 அடி. கீற்றுக்கு உச்சியும் 6 அடி இருந்தால் 45 பாகை, தண்ணீர் நிற்காமல் ஓடும். 5 அடியாவது வேண்டும். 4 அடிச் சரிவில் தண்ணீர் தயங்கித் தயங்கி இறங்கும், கீற்றும் சீக்கிரம் மக்கும். அடுத்த முறை வேயும்போது உயர்த்திக்கொள்ளுங்கள், இப்போது முடியாது.

இப்போதைக்கு, கூரையில் ஏறாமலேயே முகட்டின் மேல் தார்ப்பாயை இழுத்துப் போட்டு, இரண்டு பக்கமும் மணல் மூட்டையைக் கயிற்றில் கட்டித் தொங்க விடுங்கள். கல் வேண்டாம், அடுத்த காற்றில் ஆடி யார் தலையிலாவது விழும். வெயிலடிக்கும் நாளில் தார்ப்பாயை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடியில் புழுங்கிக் கீற்று அழுகும்.

காப்பித் தோட்டம், ஏற்காடு

மலையில் பழைய வீடுகள் புல் கூரை. மேலே அடிக்கிற காற்றுக்கு எங்கள் ஆட்கள் கூரையைத் தாழ்வாக, ஏறக்குறைய இடுப்பு உயரத்துக்கு இறக்கி வேய்வார்கள். ஓரத்துக்கு அடியில் காற்று நுழைய இடம் இருந்தால்தானே தூக்கும். உங்கள் வடக்கு ஓரத்தில் ஒரு தட்டி கட்டி அடைத்துப் பாருங்கள்.

கைமரத்துக்கு மூங்கிலே வேண்டுமா? நாங்கள் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் கழிகளைக் கொட்டகைக்குப் போடுகிறோம். சமவெளியில் என்றால் பழைய ஓட்டு வீடு பிரிக்கிற இடத்தில் பனங்கைமரம் கிடைக்குமா என்று கேளுங்கள். நன்றாக முற்றிய பனை என்றால் நம் காலத்துக்கும் தாண்டி நிற்கும்.

டவுன்வாசி, சேலம்

தகரம் என்றதற்குத் திட்டு வாங்கிக்கொண்டேன், போகட்டும். எதையும் பிரிப்பதற்கு முன்னால் உள்ளேயும் வெளியேயும் போட்டோ எடுத்துவிட்டு விஏஓவிடம் எழுதிக் கொடுங்கள். சரிசெய்த பிறகு போனால் "எங்கே சேதம்?" என்பார்கள். குடிசைக்குப் பதில் கான்கிரீட் வீடு கட்ட 2024இல் கொண்டுவந்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் என்று அறிவித்தார்கள். ஆனால் உங்களிடம்தான் ஏற்கெனவே மெத்தை வீடு இருக்கிறதே.

தோப்புக்காரன்

போட்டோ எடுத்துக் கொடுத்தாயிற்று. ஆயாவுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே கான்கிரீட் வராது.

ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்து வேலை முடிந்தது. மல்லூர்ப் பக்கம் ஒரு பழைய வீட்டிலிருந்து இரண்டு பனங்கைமரம் கிடைத்தது. முகட்டைப் பிரித்து நைலான் கயிற்றில் கட்டி, 40 கீற்று புதிதாகப் போட்டோம். தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது கொட்டகைக்காரர் கீழ் வரிசையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வரிசையாக மேலே ஏற்றச் சொன்னார். முகட்டிலேயே குடத்தைக் கவிழ்த்தால் எந்த வரிசை ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க முடியாதாம். உள்ளே நான் சாக்பீஸோடு நின்றேன். ஒரு இடத்தில் மட்டும் கசிந்தது, அங்கேயே கீற்று மாற்றினோம்.

வாரம் இரண்டு நாள் விறகடுப்பில் வெந்நீர் வைத்தால் போதும் என்று ஆயாவிடம் சொன்னேன். "காஸ் வேண்டாம்னு நான் அன்னைக்கே சொன்னனே" என்றார்.

மீதி மூங்கிலை அடுத்த வருஷம் மாற்ற இப்போதே வெட்டித் தொட்டியில் ஊறப்போட்டிருக்கிறேன். பத்து நாளில் நாற்றம் தாங்கவில்லை. எடுத்துவிடலாமா?

கொட்டகை வேலை, ஓமலூர்

எடுக்காதீர்கள். மாவுச்சத்து கரைகிற நாற்றம்தான் அது. வாரம் ஒரு தடவை தண்ணீரை மாற்றுங்கள், பழைய தண்ணீரைத் தென்னைக்கு விடுங்கள். இன்னும் மூன்று வாரமாவது ஊறட்டும். எடுத்த பிறகு வெயிலில் போடாமல் நிழலில் நிறுத்தி வைத்துக் காய விடுங்கள், வெயிலில் வெடித்துவிடும்.