ஸ்விண்டன் ராபின்ஸ் மறுபடி ஓடுமா? ஏ420 சாலைப் பகையும் ஷேல் மண்ணும்

மேற்கு மேடை:
இங்கிலாந்தில் ஸ்பீட்வே (மண் தடத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயம்) ஓடும் அணிகளில் ஆக்ஸ்ஃபோர்ட் சீட்டாஸ் 2007-இல் நின்றுபோய் 2022-இல் திரும்பி வந்துவிட்டது. பக்கத்து ஊர் ஸ்விண்டன் ராபின்ஸ் 2019-இல் உச்ச லீக்கான பிரிமியர்ஷிப் கோப்பையைத் தூக்கிய கையோடு நின்றது. 2020 சீசனைக் கொரோனா முழுதாக விழுங்கியது. அதற்குப் பிறகு ராபின்ஸின் பிளன்ஸ்டன் அபே அரங்கில் மறுகட்டுமானம், வீடுகள் என்றுதான் பேச்சு ஓடியது, பந்தயம் திரும்பவில்லை. 1949-லிருந்து ஓடிய அணி. 1957, 1967, 2012, 2017, 2019 என ஐந்து முறை உச்ச லீக் சாம்பியன். ஏ420 சாலை இணைக்கும் இந்த இரண்டு ஊருக்கும் ஸ்விண்டன் டவுன், ஆக்ஸ்ஃபோர்ட் யுனைடெட் காற்பந்துப் பகை இவ்வளவு சூடாக இருக்கும்போது, அந்தச் சூட்டை வைத்தே ஸ்பீட்வேயை எழுப்ப முடியுமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மஞ்சள் சட்டை:
பகையின் ஆழத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2011 ஆகஸ்ட் 21, ஸ்விண்டனின் கவுண்டி மைதானம். ஆக்ஸ்ஃபோர்ட் 2-1 வென்றது, இரண்டு கோலும் அடித்தது அதன் வீரர் ஜேம்ஸ் கான்ஸ்டபிள். அந்த மைதானத்தில் 1973-க்குப் பிறகு கிடைத்த முதல் வெற்றி அது. 2012 மார்ச்சில் திரும்பும் ஆட்டத்தில் அதே கான்ஸ்டபிளுக்கு ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்திலேயே சிவப்பு அட்டை. பத்துப் பேரோடு ஆடியும் ஆக்ஸ்ஃபோர்ட் 2-0 வென்றது. பாவ்லோ டி கானியோ மேலாளராக இருந்த ஸ்விண்டன் அந்த சீசனில் நான்காம் நிலையான லீக் டூவில் சாம்பியன், ஆனால் டெர்பி (அண்டை ஊர் மோதல்) இரண்டிலும் தோல்வி. ஆக்ஸ்ஃபோர்டில் கேட்டால் கோப்பையை விட்டுவிட்டு அந்த இரண்டு ஆட்டங்களைத்தான் பேசுவார்கள்.

ஆனால் இந்தப் பகைக்கு ஒரு பலவீனம் உண்டு. இரண்டு அணியும் ஒரே டிவிஷனில் இருந்தால்தான் லீக் ஆட்டம். 2024 மே மாதம் ஆக்ஸ்ஃபோர்ட் வெம்ப்ளியில் போல்டனை வென்று இரண்டாம் நிலையான சாம்பியன்ஷிப்புக்கு ஏறியது. ஸ்விண்டன் அப்போது லீக் டூவில், இரண்டு படி கீழே. பகை மட்டும் மிச்சம், லீக் மோதல் இல்லை.

பிட்ஸ் பக்கம்:
ஸ்பீட்வேக்கு அந்தச் சிக்கல் குறைவு, மஞ்சள் சட்டை. காற்பந்தில் கிளப் செத்து ரசிகர்கள் புதிதாகத் தொடங்கினால் அடிமட்டத்திலிருந்து ஏற வேண்டும். 2002-இல் ஏஎஃப்சி விம்பிள்டன் கவுண்டி அளவிலான லீக்கில்தான் ஆரம்பித்தது. ஸ்பீட்வேயில் தடமும் பணமும் புரமோட்டரும் (அணியை நடத்துபவர்) இருந்தால் மேலேயே நுழையலாம். ஆக்ஸ்ஃபோர்ட் 2022-இல் நேராக இரண்டாம் நிலை சாம்பியன்ஷிப்பில் இறங்கியது. 2024-இல் ஸ்பயர்ஸ் என்ற பெயரில் பிரிமியர்ஷிப்பிலும் ஒரு அணி.

அணி கட்டுவதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அணி வீரர்களின் சராசரிப் பாயிண்டுகளைக் கூட்டினால் லீக் வைத்த உச்ச வரம்பைத் தாண்டக் கூடாது. பணக்கார கிளப் எல்லா நட்சத்திரங்களையும் அள்ள முடியாது. புதிதாக வருகிற அணி முதல் வருஷமே போட்டி போடலாம்.

கணக்கு இதோ. ஒரு மோதலுக்கு 15 ஹீட், அதாவது 15 குட்டிப் பந்தயம். ஒவ்வொன்றிலும் நான்கு பேர், நான்கு சுற்று, 3-2-1-0 பாயிண்ட். ஆக ஹீட்டுக்கு 6, மொத்தம் 90. 46 எடுத்தால் வெற்றி. வீரர்களுக்குச் சம்பளம் பெரும்பாலும் பாயிண்ட் கணக்குதான். சக வீரருக்கு அடுத்தபடியாக எதிரணியாள் ஒருவருக்கு முன்னால் முடித்தால் போனஸ் பாயிண்டும் கிடைக்கும். அது ஸ்கோரில் ஏறாது, சம்பளத்தில் ஏறும். புது புரமோட்டர்கள் பட்ஜெட் போடும்போது இந்த போனஸை மறந்துவிடுவார்கள். ஜோடியாக முன்னே வந்து 5-1, 5-1 என்று ஜெயிக்க ஜெயிக்கச் செலவு கூடும்.

மழை அடுத்த அடி. ஆம்புலன்ஸ், மருத்துவர், நடுவர், தட ஆட்கள் எல்லாரும் வந்த பிறகு ரத்தானால் கேட் வசூல் இல்லை, செலவு மட்டும் நிற்கும். அரங்கு வாடகைக்கு என்றால் சாப்பாட்டுக் கடை, பார் வருமானமும் பெரும்பாலும் உரிமையாளருக்கே. ரசிகர்கள் குறைந்து அணி மூடியதாகத்தான் வெளியே பேசுவார்கள். பல ஊர்களில் நடந்தது வேறு: அணி வாடகைக்காரர், இடம் வேறொருவருடையது.

ஷேல் மண்:
நான் தடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பழைய தடம் அப்படியே கிடக்கிறது, மேலே மண் கொட்டினால் போதும் என்று நினைப்பவர்கள் நிறைய.

சர்வதேச விதிப்படி நீளம் 260 முதல் 425 மீட்டர். கீழே இறுகிய அடித்தளம், மேலே சில செண்டிமீட்டர் தளர்ந்த ஷேல், அதாவது நொறுங்கிய பாறை மண். சில வருஷம் கைவிட்டால் வடிகால் அடைக்கும், களை வேரோடும், பனி உறைந்து உருகி அடித்தளத்தைப் பிளக்கும். புது ஷேல் போட்டால் மேலே அழகாகத் தெரியும், உள்ளே மேடு பள்ளம் அப்படியே இருக்கும். வளைவில் பின்சக்கரம் வழுக்கிக்கொண்டு வருகிறது. அது திடீரென்று இறுகிய ஒரு திட்டில் பிடித்துக்கொண்டால் பைக் நிமிர்ந்து, நேராக வேலியை நோக்கிப் பாயும். 500 சிசி ஒற்றை சிலிண்டர், ஒரே கியர், குறைந்தபட்ச எடை 77 கிலோ, பிரேக் கிடையாது. அந்த நொடியில் ஓட்டுபவர் செய்ய அதிகம் இல்லை. அதனால்தான் வளைவுகளில் காற்று வேலி. அதில் கிழிசல் விழுந்தால் ஒட்டி மறுபடி ஊதும்வரை அடுத்த ஹீட் கிடையாது.

பந்தய இரவில் முக்கிய ஆள் டிராக்டர்காரர். நான்கு பைக்கும் மண்ணை வெளிப்பக்கம் வாரி வேலியோரம் குவிக்கும். மூன்று நான்கு ஹீட்டுக்கு ஒருமுறை கிரேடரை (மண்ணைச் சமன்செய்யும் கருவி) இழுத்து அந்த மண்ணை உள்கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அதைத் தவிர்த்தால் உள்கோடு கல்தரை போலாகிவிடும், முந்த வழியே இருக்காது, முதல் வளைவிலேயே முடிவு தெரிந்துவிடும். பிறகு தண்ணீர் லாரி. வெயில் நாளில் காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக ஊற வைக்க வேண்டும். பந்தயத்துக்கு அரைமணி முன் மொத்தமாக ஊற்றினால் மேலே சேறு, கீழே வறட்சி. தண்ணீர் குறைந்தால் மூன்றாம் வளைவில் நிற்பவர்கள் புழுதியைத் தின்ன வேண்டியதுதான். அடுத்த வாரம் அந்தக் குடும்பம் வராது.

ஒரு எச்சரிக்கை: எரிபொருள் மெத்தனால். பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்குத் தெரியாது. அது தண்ணீரில் கலந்துவிடும் என்பதால், நிறையத் தண்ணீர் ஊற்றி நீர்த்தாலே அணையும். பைக்குகளைத் தயார்செய்யும் பிட்ஸில் பெட்ரோல் தீக்கு மட்டும் ஏற்பாடு செய்துவிட்டு இருக்கக் கூடாது.

மேற்கு மேடை:
நன்றி. அப்படியானால் தற்காலிகமாக ஸ்விண்டன் அணி ஆக்ஸ்ஃபோர்ட் தடத்திலேயே ஓடலாமே? அல்லது இரண்டையும் சேர்த்து ஒரே அணி?

மஞ்சள் சட்டை:
ஒரே அணி வேண்டவே வேண்டாம். 1983-இல் ஆக்ஸ்ஃபோர்ட் யுனைடெட் உரிமையாளர் ராபர்ட் மேக்ஸ்வெல் ஆக்ஸ்ஃபோர்ட், ரெடிங் காற்பந்து அணிகளைச் சேர்த்து தேம்ஸ் வேலி ராயல்ஸ் என்று ஒன்றை உருவாக்கப் பார்த்தார். இரண்டு ஊர் ரசிகர்களும் எதிர்த்தார்கள், திட்டம் கவிழ்ந்தது. மூன்றே வருஷத்தில் ஆக்ஸ்ஃபோர்ட் லீக் கோப்பை வென்றது. சேர்த்திருந்தால் அந்த 1986 வெம்ப்ளி நாள் ஏது?

பிட்ஸ் பக்கம்:
அடைக்கலம் என்றால் முன்னுதாரணம் உண்டு. கவென்ட்ரி பீஸ் ஸ்பீட்வே அணி தன் பிராண்டன் அரங்கை இழந்த பிறகு 2018-இல் பரம எதிரி லெஸ்டரின் தடத்தில் தேசிய லீக் ஓடியது. காற்பந்திலும் கவென்ட்ரி சிட்டி நார்தாம்ப்டனிலும் பர்மிங்காமிலும் அடைக்கலம் போனது. இரண்டிலும் ஒரே பாடம்: பெயர் உயிரோடு இருக்கும், கூட்டம் வராது. ஒரு சீசனுக்கு ஓட்டலாம், அதற்கு மேல் நட்டம்.

லெஸ்டரையே பாருங்கள். அவர்களின் பிளாக்பேர்ட் ரோடு அரங்கு 1983-இல் மூடியது. 28 வருஷம் கழித்து 2011-இல் போமாண்ட் பார்க்கில் புதுத் தடம் கட்டித் திரும்பினார்கள். சுற்றுவட்டாரத்தில் கவென்ட்ரி, வுல்வர்ஹாம்ப்டன், பர்மிங்காம் எல்லாம் அப்போது ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்தில் எதிரி இருந்தால் வரும் அணியின் ரசிகர்களும் டிக்கெட் வாங்குவார்கள். காற்பந்து டெர்பிக்குப் போலீஸ், தனி வாசல், நண்பகல் தொடக்கம் எல்லாம் வேண்டும். ஸ்பீட்வேயில் இரண்டு ஊராரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். டெர்பி வசூல் அப்படியே கையில் நிற்கும்.

மேற்கு மேடை:
அப்படியானால் ஆக்ஸ்ஃபோர்டைக் காப்பாற்றியது எது?

பிட்ஸ் பக்கம்:
2014-இல் நகர கவுன்சில் அரங்கையும் சுற்றுப்புறத்தையும் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. வீடு கட்டும் திட்டம் தடைபட்டது, இடம் அரங்காகவே கிடந்தது. கிரேஹவுண்ட் நாய்ப் பந்தயம் நடத்துபவர் குத்தகை எடுத்து, 2022-இல் அரங்கு திறந்தபோது ஸ்பீட்வேயும் கூடவே வந்தது. வாரத்தில் பல நாள் நாய்ப் பந்தயம் அரங்குச் செலவைத் தாங்கும், ஒரு இரவு ஸ்பீட்வே. தனியாக ஒரு இரவை வைத்து அரங்கு நடத்த முடியாது.

அந்த இரவு எது என்பதும் முக்கியம். பிரிமியர்ஷிப் என்றால் திங்கள் அல்லது வியாழன். ஏனென்றால் நல்ல வீரர்கள் வெள்ளியும் ஞாயிறும் போலந்தில், செவ்வாய் ஸ்வீடனில். ஸ்விண்டனுக்கு வியாழன் பழகிய இரவு, அதுவரை நல்லது.

ஷேல் மண்:
சத்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மில்டன்ஹால் அரங்குக்கு 1975-லிருந்தே அனுமதி இருந்தது. 2006-இல் அருகே வீடு வாங்கி வந்தவர்கள் இரைச்சலுக்கு வழக்குப் போட்டார்கள். பந்தயம் முன்பே நடந்துகொண்டிருந்த இடத்துக்குத் தெரிந்தே வந்தார்கள் என்ற வாதத்தை 2014-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. திட்ட அனுமதி இருந்தால் மட்டும் தொல்லை என்ற புகார் அற்றுப்போகாது என்றும் சொன்னது. பிளன்ஸ்டனில் புது வீடுகள் வந்த பிறகு இது வெறும் சட்டப் பாடம் இல்லை. யாராவது புது இடம் தேடினால் வரைபடத்தில் முதலில் வீடுகளைப் பாருங்கள், பிறகு வடிகால், பிறகுதான் தடத்தின் வடிவம்.

மேற்கு மேடை:
தொழிற்பேட்டைப் பக்கம், கிரேஹவுண்டோ ஸ்டாக் கார்ப் பந்தயமோ கூட இருக்கிற மாதிரி இடம். புரிகிறது.

ஷேல் மண்:
ஸ்டாக் கார் என்றால் ஒரு நிபந்தனை. அவை ஓடிய மறுநாள் ஸ்பீட்வே வைக்காதீர்கள். கனத்த வண்டிகள் வளைவுகளைத் தோண்டிவிடும். தடத்தைச் சீர்படுத்தி, இறுக்கி, ஈரம் ஏற்ற அவகாசம் வேண்டும். அந்த இடைவெளியை குத்தகைப் பத்திரத்திலேயே எழுதி வாங்குங்கள்.