பதில்: 'சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல்' – வேறு சொல் வேண்டும்

> 'சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல்' என்றே வைத்துவிடலாமே. பொருள் முழுதும் வந்துவிடுகிறது.

வணக்கம் ஐயா,

இணையத்தளம் ஒன்று பிள்ளையின் விவரங்களை வாங்குமுன் பெற்றோரிடம் கேட்டுப் பெற வேண்டிய அனுமதிக்கு, அதாவது ஆங்கிலத்தில் 'verifiable parental consent' என்பதற்கு, தமிழ்ச் சொல் தேடுகிறோம். நீங்கள் சொல்லும் தொடரின் நீளம் எனக்குக் குறையில்லை. உறுத்துவது 'ஒப்புதல்'. குற்றவாளி தருவது ஒப்புதல் வாக்குமூலம், தபாலில் வருவது ஒப்புகை அட்டை. இரண்டுமே நடந்துவிட்டதை 'ஆம்' என்று ஏற்பவை. நாம் பேசுவதோ, இணையக் கடைத்தளம் பிள்ளையின் பெயரையும் முகவரியையும் வாங்குவதற்கு முன்பே கேட்க வேண்டியது. பெற்றோர் பின்னால் மனம் மாறினால் விலக்கிக்கொள்ளவும் முடிய வேண்டும். ஒப்புதலுக்குப் பதில் 'இசைவு' என்று வைத்து, 'இசைவை விலக்கிக்கொள்ளுதல்' என்று எழுதிப் பாருங்கள், இடறவில்லை. 'ஒப்புதலை விலக்கிக்கொள்ளுதல்' என்றால் நீதிமன்ற வாடை. ('சம்மதம்' கல்யாணப் பேச்சு போல இருக்கிறது, விட்டுவிடலாம்.)

அடுத்து 'சரிபார்க்கத்தக்க'. யார் பார்ப்பது? முடிந்தால் யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்ற தொனி அதில் இருக்கிறது. அமெரிக்காவில் 1998-இல் இயற்றிய கோப்பா (COPPA) என்ற, இணையத்தில் சிறுவர் அந்தரங்கத்தைக் காக்கும் சட்டம் அந்த வேலையைத் தளத்தின் தலையில்தான் கட்டுகிறது. 13 வயதுக்குக் குறைந்தவர் என்றால் கையெழுத்திட்ட படிவம், கடன் அட்டைப் பரிவர்த்தனை, காணொளி அழைப்பு என ஏதாவது ஒரு வழியில் பேசுவது பெற்றோர்தானா என்று பார்த்தாக வேண்டும். இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வயது வரம்பு 18. பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரம் காட்டவும் தடை.

பொம்மை விற்கும் ஒரு தளத்தில் என் அக்கா மகள் கணக்குத் தொடங்கியபோது பக்கத்தில் இருந்தேன். 'பெற்றோர் ஒப்புதல் உண்டு' என்று ஒரு சின்னக் கட்டம். படிக்கக்கூட இல்லை, தட்டிவிட்டாள். அடுத்த திரையில் வீட்டு முகவரி, தொலைபேசி எண், பிறந்த தேதி. அக்கா அடுத்த அறையில்தான் இருந்தார்! அங்கே 'ஒப்புதல்' இருந்தது, சரிபார்க்கவும் தக்கதாகவே இருந்தது. பார்க்கத்தான் ஆளில்லை.

சரி, 'சரிபார்த்த பெற்றோர் இசைவு' என்று வைக்கலாமா? முதலில் நானும் அப்படித்தான் எழுதினேன். அப்புறம் பார்த்தால் சரிபார்த்தவர் பெற்றோர் ஆகிவிடுகிறார், பொறுப்பு திரும்ப வீட்டுக்கே வருகிறது. 'பெற்றோர்' வேறு தமிழில் இரட்டை வேடக்காரர். 'இசைவு பெற்றோர் பட்டியல்' என்று தளத்தின் உள்பக்கத்தில் ஒரு தலைப்புப் போட்டால், இசைவு பெற்றுக்கொண்டவர்கள் என்றுதான் படிப்பார்கள்.

ஆகவே என் பரிந்துரை: பெற்றோரின் சரிபார்த்த இசைவு. 'சரிபார்க்கப்பட்ட' தேவையில்லை. அச்சிட்ட நூல் என்கிறோம், நூலா தன்னை அச்சிட்டுக்கொண்டது? 'பெற்றோரின்' என்பதில் உள்ள 'இன்' என்ற வேற்றுமை உருபை மட்டும் யாரும் சுருக்கிவிட வேண்டாம். கட்டத்தில் இடம் போதாவிட்டால் 'பெற்றோரின் இசைவு' போதும்.

ஒன்று பாக்கி. சட்டங்கள் காப்பாளரையும் சேர்த்தே சொல்கின்றன. அதை வரையறையில் வைத்துக்கொள்வோமா, சொல்லிலேயே கொண்டுவர வழி உண்டா? சட்ட மொழிபெயர்ப்பில் இருப்பவர்கள் சொன்னால் நல்லது.