மொழிபெயர்த்தால் அது என் எழுத்தாகிவிடுமா?

கம்பஸில் முதலாம் வருடம் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். இப்போது முதலாம் வருடத்தில் இருக்கும் பிள்ளைகள் வாசிக்க வேண்டும்.

புவியியல் ஒப்படைக்கு எனக்குக் கிடைத்த தலைப்பு, வலிகாமத்துக் கிணற்று நீரில் நைத்திரேற்று, அதாவது உரத்தில் இருந்து நீரில் கலக்கும் நைதரசன் சேர்ந்த உப்பு. எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீரைத்தான் குடிக்கிறோம், அதையே தோட்டத்துக்கும் இறைக்கிறோம். பயிருக்குப் போடும் உரம் திரும்ப அந்த நீருக்குள்ளேயே இறங்குகிறது. எங்கள் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கமே வெங்காயத் தோட்டம்தான். எழுத எவ்வளவோ இருந்தது. நானோ ஓர் ஆங்கிலக் கட்டுரையை எடுத்து, அகராதியும் கையுமாக இரண்டு இரவு விழித்திருந்து, நான்கு பந்திகளைத் தமிழாக்கிக் கொடுத்தேன். பாடுபட்டது நான், ஆகவே எழுத்தும் என்னுடையதுதான் என்று மனதார நம்பினேன். கட்டுரையின் பெயரை எங்கும் போடவில்லை.

மேடம் கூப்பிட்டார். "பிள்ளை, 'முந்தைய பிரிவில் விளக்கியபடி' என்று எழுதியிருக்கிறீர். எந்தப் பிரிவு?" என் ஒப்படையில் பிரிவு என்று ஒன்றுமே இல்லை. அடுத்து, ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையைக் காட்டி, "இதை நீர் எங்கே பார்த்தீர்?" என்றார். அந்த நிறுவனத்தின் அறிக்கையை நான் கண்ணால் கண்டதில்லை. அந்தக் கட்டுரையில்தான் பார்த்தேன். அப்படியென்றால் அறிக்கையைப் படித்ததுபோல் எழுதக் கூடாது, இன்னார் கட்டுரையில் எடுத்துக்காட்டப்பட்டது என்று எழுத வேண்டும் என்று அன்றுதான் தெரிந்தது.

அவர் சத்தம் போடவில்லை. மொழியை மாற்றினாலும் யோசித்தவர் மாறமாட்டார், அதனால் இதுவும் கருத்துத் திருட்டுத்தான் என்றார். ஒப்படையை மற்றவர்களின் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் டேர்னிட்டின் போன்ற மென்பொருள் பெரும்பாலும் ஒத்துப்போகும் சொற்களைத்தான் காட்டும். ஆங்கிலத்தில் இருந்து தமிழுக்கு வந்த பந்தி அதில் தப்பிவிடலாம். மேற்கோள் குறி போட்டு ஒழுங்காக எழுதிய வசனமும் அது காட்டும் ஒற்றுமை வீதத்தில் சேர்ந்துவிடலாம். அதனால் வீதம் குறைவு என்று நிம்மதியாக இருக்கவும் வேண்டாம், கூடிவிட்டது என்று பயப்படவும் வேண்டாம்.

ஒரு கிழமை அவகாசம் தந்தார், புள்ளியில் பாதிதான் என்ற நிபந்தனையோடு. பக்கத்துத் தோட்டத்து மாமாவிடம் போனேன். எத்தனை நாளுக்கு ஒருக்கா இறைப்பு, யூரியா எவ்வளவு, கிணறு எத்தனை அடி என்று கேட்டு, கேட்ட திகதியோடு நேர்காணலாகச் சேர்த்தேன்.

ஒன்றை மட்டும் கோபத்தோடுதான் சொல்கிறேன். உயர்தர ரியூசனில் சேர் சொல்லச் சொல்ல எழுதினோம். அதே வசனம் விடைத்தாளில் வந்தால் புள்ளி. யார் சொன்னது என்று ஒருவரும் கேட்டதில்லை. கம்பஸுக்குள் வந்ததும் அதற்குப் பெயர் களவு. இந்த மாற்றத்தை முதல் கிழமையிலேயே யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது குறிப்பெடுக்கும்போதே, பார்த்தெழுதிய வசனம் சிவப்புப் பேனையில், என் யோசனை நீலத்தில். ஓரத்தில் பக்க எண். பிறகு எது யாருடையது என்று குழம்புவதில்லை.

சாவகச்சேரியில் இருந்து ஓர் உறுப்பினர்:

நான் என் ஒப்படையை நண்பனுக்குக் கொடுத்து மாட்டியவன். "மச்சான், ஒருக்கா பார்த்துவிட்டுத் தாறன்" என்றான். அவனுடைய அப்பா அப்போது ஆஸ்பத்திரியில். வட்ஸ்அப்பில் அனுப்பினேன். பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டான், நான் விட்ட எழுத்துப் பிழைகள்கூட அப்படியே. இருவருக்கும் பூச்சியம். நான் எழுதியதுதானே என்று வாதாடினேன். கொடுத்தவருக்கும் பங்குண்டு என்றார்கள். அன்று அவனுக்குத் தேவைப்பட்டது இன்னும் நாலு நாள். அதைச் சேரிடம் போய்க் கேட்க நான் கூடப் போயிருக்கலாம். இப்போது யார் கேட்டாலும் ஒப்படையைக் கொடுப்பதில்லை, பின்னேரம் இருத்திக் குப்பி எடுக்கிறேன், அதாவது நானே பாடத்தை விளங்கப்படுத்துகிறேன்.

நல்லூரில் இருந்து ஓர் உறுப்பினர்:

என்னுடையது போன வருடக் கதை. சாட்ஜிபிடி தந்த ஐந்து உசாத்துணை நூல்களை அப்படியே பட்டியலில் போட்டேன். கொடுப்பதற்கு முதல்நாள் மனம் கேட்கவில்லை. யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குப் போய்த் தேடினேன், இணையத்திலும் தேடினேன். இரண்டு நூல்கள் எங்குமே இல்லை, அப்படி ஒன்று எழுதப்படவே இல்லை. 1981 இல் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்த இடம் அது. இருந்த நூல்களையே தொலைத்த ஊரில், இல்லாத நூலை நான் எழுதிக் கொடுக்கப் பார்த்தேனே என்று அங்கேயே இருந்து அழுதுவிட்டேன். இரண்டையும் வெட்டினேன். பிறகு 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் பழைய சஞ்சிகைகளைத் தேடி வாசித்தேன். அச்சுப் பக்கத்தையே வருடி (ஸ்கேன் செய்து) போட்டிருப்பதால் இதழும் பக்க எண்ணும் கண்முன் இருக்கும். இணைய முகவரியோடு நிறுத்தாமல் அவற்றையும் எழுதுங்கள். அது சரி, அந்த மாமாவின் பெயரைப் போட்டீர்களா?

முதலில் எழுதியவர்:

போடலாமா என்று கேட்டுத்தான் போட்டேன். எழுதியதை முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "பேரைப் போடு பிள்ளை, ஆனால் கிணறு 30 அடி இல்லை, 32. அதைத் திருத்து" என்றார். திருத்திவிட்டுத்தான் கொடுத்தேன்.