அக்கா மகனின் முதல் வேட்டை: என் பழைய அம்புகளை வெட்டிக் கொடுக்கலாமா?

கேள்வி:

வணக்கம். என் அக்கா மகனுக்கு 14 வயது. ஒரு வருஷமாகக் காம்பவுண்ட் வில்லில் (கப்பி வைத்த வில்) பழகுகிறான். வில்லின் இழுவிசை 40 பவுண்டு, இழுநீளம் 25 அங்குலம். உரிமமும் பயிற்சி வகுப்பும் முடித்துவிட்டான், வரும் பருவத்தில் என்னோடு முதல் தடவையாக மான் வேட்டைக்கு வருகிறான்.

என்னிடம் பழைய கார்பன் அம்புகள் ஒரு டஜன் சும்மா கிடக்கின்றன. 340 ஸ்பைன், 29 அங்குலம். அவற்றை 26 அங்குலத்துக்கு வெட்டிக் கொடுத்தால் போதுமா? முனைக்கு, பட்டவுடன் விரிகிற பிராட்ஹெட் (கத்தி வைத்த வேட்டை முனை) தள்ளுபடியில் கிடைக்கிறது, 2 அங்குலம் வெட்டும். வளர்கிற பையன், அடுத்த வருஷம் எல்லா அளவும் மாறிவிடும். அதனால் நிறைய செலவு செய்யத் தயக்கம். ஆனால் அவன் விடும் முதல் அம்பு ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது.

பதில் 1:

வெட்டாதீர்கள் அண்ணா. ஸ்பைன் என்பது அம்புத்தண்டு எவ்வளவு வளைகிறது என்கிற கணக்கு. 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் தண்டை வைத்து, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிடுவார்கள். 0.340 அங்குலம் வளைந்தால் அது 340. எண் குறையக் குறைய விறைப்பு கூடும். உங்கள் அம்பு 40 பவுண்டு வில்லுக்கு ஏற்கெனவே மிக விறைப்பு, 3 அங்குலம் வெட்டினால் இன்னும் விறைத்துவிடும். நாண் தள்ளும்போது சரியாக வளைந்து நிமிராத அம்பு பக்கவாட்டில் ஆடிக்கொண்டே போகும். அவனுக்கு 500 அல்லது 600 வேண்டும், தயாரிப்பாளரின் அட்டவணையில் ஒரு தடவை ஒத்துப் பார்த்துவிடுங்கள்.

பதில் 2:

தம்பி, அந்த விரியும் முனையை வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் மகளின் முதல் பருவத்தில் அவள் வில் 38 பவுண்டு. வெட்டு அகலமாக இருந்தால் தவறினாலும் பிடிக்கும் என்று கடையில் சொன்னதை நம்பி விரியும் முனை வாங்கினேன். மான் 18 கெஜத்தில் நின்றது. பெண் நிதானமாகத்தான் விட்டாள், அம்பு பட வேண்டிய இடத்துக்கு அருகில்தான் பட்டது. ஆனால் விலா எலும்பில் முனை விரிந்த அந்த இடத்திலேயே வேகம் செத்துவிட்டது. அம்பு ஒரு சாண் கூட இறங்கவில்லை. இரண்டு நாள் தேடினோம், கிடைக்கவில்லை. அவள் ஒரு வருஷம் வில்லைத் தொடவில்லை. அவள் குறி தவறவில்லை, முனையைத் தேர்ந்தெடுத்தது நான். இன்னும் உறுத்துகிறது.

கத்தி விரிவதற்கும் அகலமாக வெட்டுவதற்கும் அம்பின் ஆற்றல்தான் செலவாகிறது. உங்கள் பையனின் வில்லில் அந்த உபரி இல்லை. 400 கிரெய்ன் (சுமார் 26 கிராம்) எடையுள்ள அம்பு நொடிக்கு 190 அடி வேகத்தில் போனால் ஆற்றல் ஏறக்குறைய 32 அடி-பவுண்டு. மானுக்கு 25 முதல் 41 வரை என்பது ஈஸ்டன் நிறுவனத்தின் பரவலாகப் பயன்படும் அட்டவணை. ஆக, போதும். ஆனால் வீணாக்க முடியாது.

எனவே நிலையான கத்தி, அதிலும் நுனியிலிருந்தே வெட்டத் தொடங்குகிற இரட்டைக் கத்தி முனை வாங்குங்கள். வெட்டு அகலம் 1 முதல் 1⅛ அங்குலம், எடை 100 அல்லது 125 கிரெய்ன். உங்கள் பகுதியின் விதியில் குறைந்தபட்ச வெட்டு அகலமும் இழுவிசையும் சொல்லியிருக்கும், அதை முதலில் பாருங்கள். தீட்டக்கூடிய முனையாக வாங்கினால் மூன்று போதும், வருஷக்கணக்கில் வரும். பாக்கெட்டைப் பிரித்து எடுத்த புது முனை கூர்மையாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். காகிதத்தை இழுக்காமல் அறுக்கிறதா என்று பாருங்கள். இலக்கில் அடித்துப் பழகிய முனையைத் தீட்டாமல் காட்டுக்குக் கொண்டுபோகவே கூடாது.

அம்பில் காசு மிச்சம் பிடிக்க இடம் உண்டு. நேர்க்கோட்டிலிருந்து விலகல் 0.001 அங்குலம்தான் என்று போட்ட விலை உயர்ந்த தண்டு அவனுக்குத் தேவையே இல்லை, 20 கெஜத்துக்குள் 0.006 போதும். அலுமினியத்தையும் யோசியுங்கள். 1916 என்று எழுதியிருந்தால் விட்டம் அங்குலத்தில் 64-ல் 19 பங்கு, சுவர்த் தடிமன் ஆயிரத்தில் 16 பங்கு. அதன் ஸ்பைன் 600-ஐ ஒட்டி வரும். முனையோடு சேர்த்து 400 கிரெய்ன் தாண்டிவிடும், இந்த வில்லுக்கு அந்தக் கனம் நல்லது. வேகம் கொஞ்சம் குறையும், ஊடுருவல் கூடும். வளைந்தால் உருட்டிப் பார்த்தே கண்டுபிடித்து ஒதுக்கிவிடலாம். இலக்கில் தவறி கல்லில் பட்டால் வளையும் என்பதுதான் அதன் குறை.

ஒரு டஜன் வேண்டாம். ஆறு போதும், ஆனால் ஆறும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

கேட்டவர்:

அக்கறையாக எழுதியதற்கு நன்றி. உங்கள் மகளின் கதையைப் படித்ததும் தள்ளுபடி முனை ஆசை விட்டுப்போயிற்று. இன்னொன்று: நண்பர் ஒருவர் 500 ஸ்பைன் கார்பன் அம்புகள், பயன்படுத்தியவை, சும்மாவே தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில் 1:

வாங்கலாம், ஆனால் ஒவ்வொன்றையும் சோதியுங்கள். இரண்டு நுனியையும் பிடித்து, முகத்துக்கு எட்டத்தில் மெல்ல வளைத்து, சுற்றிச் சுற்றி எல்லாப் பக்கமும் பாருங்கள். சடசடவென்று சத்தம் வந்தாலோ, நகத்தில் பிசிறு தட்டினாலோ உடைத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள். விரிசல் விட்ட கார்பன் அம்பு விடும்போது பிளந்தால் வில் பிடித்த கையில் ஏறிவிடும். இந்தச் சோதனையைப் பையனுக்கும் சொல்லிக்கொடுங்கள், ஒவ்வொரு தடவை விடும் முன்பும் அவனே செய்யட்டும். வெட்டும்போது இழுநீளத்தைவிட ஒரு அங்குலமாவது கூடுதலாக விடுங்கள், கத்தி விரலுக்கும் ரெஸ்டுக்கும் (வில்லில் அம்பைத் தாங்கும் பாகம்) முன்னால் இருக்க வேண்டும்.

கேட்டவர் (மூன்று வாரம் கழித்து):

நண்பர் கொடுத்ததில் எட்டு தேறியது. 100 கிரெய்ன் இரட்டைக் கத்தி முனை மூன்று வாங்கினோம். 20 கெஜத்தில் கத்தி இல்லாத பயிற்சி முனை நடுவில் கூடுகிறது, பிராட்ஹெட் மட்டும் நாலு அங்குலம் வலப்பக்கம் போகிறது. குறிகாட்டியை நகர்த்தவா?

பதில் 2:

குறிகாட்டியைத் தொடாதீர்கள் தம்பி. முதலில் அம்பை உள்ளங்கையில் சுழற்றி முனை ஆடுகிறதா பாருங்கள். ஆடவில்லை என்றால் ரெஸ்டை இடப்பக்கம் மிகச் சிறிதாக, ஓர் அங்குலத்தில் 32-ல் ஒரு பங்கு, நகர்த்தி மூன்று அம்பு விடச் சொல்லுங்கள். இரண்டு முனையும் ஒரே இடத்தில் சேரும்வரை இப்படியே. இலக்கு அடர்ந்த நுரையில் செய்ததாக இருக்கட்டும், துணிப்பை இலக்கை அந்தக் கத்தி கிழித்துவிடும். கத்தி மாட்டிய அம்பை இலக்கிலிருந்து நீங்களே பிடுங்குங்கள், அவனைப் பிடுங்க விடாதீர்கள்.