மறு: ‘பர்சன்டேஜ் பாயின்ட்’டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘சதவீதப் புள்ளி’ ஏற்கெனவே செய்திகளில் வருகிறதே, புதிதாக ஏன் தேடவேண்டும்?

தேர்ச்சி வீதம் 40 சதவீதத்திலிருந்து 50 சதவீதம் ஆகிறது என்று ஒரு கணக்கு. ‘10 சதவீதம் உயர்ந்தது’ என்று எழுதினால் தப்பு. உயர்வு 25 சதவீதம். அதுவே 50இலிருந்து 40க்கு இறங்கினால் வீழ்ச்சி 20 சதவீதம்தான். ஏறினாலும் இறங்கினாலும் மாறாமல் நிற்பது அந்த 10 என்கிற வெறும் வித்தியாசம். நாம் பெயர் தேடுவது அதற்கு.

சதவீதப் புள்ளி புரியாத சொல் இல்லை. பங்குச்சந்தை இத்தனை புள்ளி சரிந்தது என்று கேட்டுப் பழகிய காதுதான். ஆனால் பாடத்தில் வைத்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்: ‘மூன்று புள்ளி ஐந்து சதவீதப் புள்ளி’! அதே பக்கத்தில் வரைபடத்தாளில் புள்ளி குறிக்கவும் சொல்லியிருப்போம். பாவம், அந்தப் புள்ளிக்கு எத்தனை வேலை?

> அப்படியானால் ‘நூற்றலகு’? சுருக்கமாகவும் இருக்கிறது.

நூற்றாண்டு என்றால் நூறு ஆண்டு. அந்தப் பழக்கத்தில் நூற்றலகு என்றதும் நூறு அலகு என்றுதான் தோன்றும். நமக்கு வேண்டியதோ நூற்றில் ஒன்று. பழைய பின்னப் பெயர்களும் கைகொடுக்கவில்லை. மா இருபதில் ஒன்று, மாகாணி பதினாறில் ஒன்று.

என் பரிந்துரை ‘சதவீத அலகு’. செங்குத்து அச்சில் சதவீதத்தைக் குறித்து ஒரு வரைபடம் வரைந்தால், இரண்டு புள்ளிகளுக்கு இடையே எத்தனை அலகு ஏற்றம் என்று எண்ணுகிறோமே, அதேதான் இது. மாணவர் அச்சைப் பார்த்தே விடை சொல்லிவிடலாம். ஸ்வீடிய மொழியிலும் இதற்கு ‘சதவீதம்’, ‘அலகு’ இரண்டையும் சேர்த்துத்தான் சொல் அமைத்திருக்கிறார்கள். விழுக்காடு என்று எழுதுபவர்கள் ‘விழுக்காட்டு அலகு’ என்று வைத்துக்கொள்ளட்டும், எனக்குச் சண்டை இல்லை.

சொற்பட்டியலுக்கு வரையறை இப்படி இருக்கலாம்: ‘ஒரு சதவீதத்திலிருந்து இன்னொன்றைக் கழித்தால் வரும் வித்தியாசத்தை அளக்கும் அலகு.’ சுருக்க முடிந்தால் சுருக்குங்கள்.

அப்புறம், ‘பேசிஸ் பாயின்ட்’டை இதோடு சேர்க்கவேண்டாம். அது சதவீத அலகில் நூற்றில் ஒரு பங்கு. வட்டிச் செய்திகளில்தான் அதிகம் வரும். தனி இழையில் பார்க்கலாம்.