கலோரியைக் குறைத்தேன், எடையும் இறங்கியது, எஸ்.ஜி.பி.டி. மட்டும் ஏறியது ஏன்?

மஞ்சக்குப்பத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 47, உயரம் 168 செ.மீ. கடலூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. நாள் முழுவதும் நாற்காலியில்தான் இருக்கிறேன். நான்கு மாதங்களுக்கு முன் எடுத்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கல்லீரலில் முதல் நிலைக் கொழுப்பு இருப்பதாகத் தெரிந்தது. அப்போது எடை 84 கிலோ, கல்லீரல் நொதிகளான எஸ்.ஜி.பி.டி. 61, எஸ்.ஜி.ஓ.டி. 44, காமாலையில் ஏறும் மஞ்சள் நிறமியான பிலிருபின் மொத்தம் 1.1. குடிப்பழக்கம் இல்லை, சர்க்கரை நோயும் இல்லை.

கலோரியைக் குறைத்து உண்பவர்களுக்கு உடலின் முதுமையே தள்ளிப்போகிறது என்று படித்ததிலிருந்து, நகைக்கடைத் தராசைப் போன்ற ஒரு சிறு சமையல் தராசை வாங்கி, சோற்றைக்கூட நிறுத்துத் தட்டில் போட ஆரம்பித்தேன். ஒரு நாளைக்கு 900 கலோரி என்று வரம்பு வைத்துக்கொண்டேன். எட்டு வாரத்தில் எடை 72 கிலோவுக்கு இறங்கியது. அலுவலகத்தில் எல்லோரும் பாராட்டினார்கள் (என் மனைவியைத் தவிர). ஆனால் சென்ற வாரம் எடுத்த இரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. 84, எஸ்.ஜி.ஓ.டி. 52, மொத்த பிலிருபின் 1.9 என்று வந்திருக்கிறது. அல்புமின் 4.2, தட்டணுக்கள் 2,40,000. அல்கலைன் பாஸ்பட்டேஸ் இயல்பு. கொழுப்பைக் குறைக்கத்தானே பட்டினி கிடந்தேன்? அப்படியிருக்கக் கல்லீரல் ஏன் முன்னைவிட மோசமாக வேண்டும்? இன்னும் குறைவாக உண்ண வேண்டுமா, அல்லது நிறுத்திவிட வேண்டுமா?

முத்தியால்பேட்டை வாசி எழுதியது:

நான் ஆறு ஆண்டுகளாகக் கலோரியைக் கட்டுப்படுத்தி உண்டு வருகிறேன் என்பதால் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் செய்வதற்கும் ஆராய்ச்சிகளில் "கலோரிக் கட்டுப்பாடு" என்று சொல்லப்படுவதற்கும் தொலைவு அதிகம். 1935இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மெக்கே எலிகளுக்கு உணவைக் குறைத்தபோதுகூட, உயிர்ச்சத்தும் தாது உப்பும் குறையாமல் பார்த்துக்கொண்டார்; குறைந்தது கலோரி மட்டுமே. மனிதர்களிடம் நடந்த "கேலரி" (CALERIE) என்ற கலோரிக் கட்டுப்பாட்டு ஆய்வில், உடல் பருமன் இல்லாத 218 பேர் கலந்துகொண்டார்கள். கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு 25 விழுக்காடு குறைக்க வேண்டும் என்பது இலக்கு. உணவியலாளர்கள் கூடவே இருந்து வழிநடத்தியும், அவர்களால் சராசரியாகக் குறைக்க முடிந்தது ஏறத்தாழ 12 விழுக்காடுதான். நீங்களோ யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் பாதிக்கு மேல் குறைத்திருக்கிறீர்கள். இதற்குப் பெயர் கலோரிக் கட்டுப்பாடு அன்று, அரைப்பட்டினி.

லாஸ்பேட்டை அம்மா எழுதியது:

புதுச்சேரியில் மருத்துவமனை ஒன்றின் உணவியல் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். மருத்துவர் அல்லள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள். விடை சொல்வதற்கு முன் நான்கு விவரங்கள் வேண்டும். ஒரு நாள் முழுவதும் என்ன உண்கிறீர்கள் என்பதை, தேன் ஒரு கரண்டி என்றாலும் விடாமல் எழுதுங்கள். பிலிருபின் 1.9 என்பதில் நேரடி (கல்லீரல் பக்குவப்படுத்தியது) எவ்வளவு, மறைமுகம் (இன்னும் பக்குவப்படுத்தாதது) எவ்வளவு? இரத்தம் கொடுப்பதற்கு முந்தைய இரண்டு நாள்களில் கடும் உடற்பயிற்சி ஏதேனும் செய்தீர்களா? கடைசியாக, மாத்திரை, சூரணம், இலைச்சாறு என்று எதையாவது சேர்த்து எடுத்துக்கொள்கிறீர்களா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பலரும் முதலில் "இல்லை" என்றுதான் சொல்வார்கள், யோசித்துச் சொல்லுங்கள்.

முதுநகர் எழுதியது:

கல்லீரல் என்றாலே கீழாநெல்லிதான். வேரோடு பிடுங்கி அரைத்து மோரில் கலந்து ஒரு மண்டலம் குடியுங்கள். எங்கள் தெருவில் மஞ்சள் காமாலை வந்த இரண்டு பேர் அதில்தான் எழுந்து நடந்தார்கள். கூடவே சீந்தில் கொடிச் சாறும் சேர்த்தால் இன்னும் நல்லது.

மஞ்சக்குப்பத்தான் எழுதியது:

அம்மா, கேட்டவற்றை எழுதுகிறேன். காலையில் வெந்நீரில் எலுமிச்சையும் தேனும். பதினொரு மணிக்கு ஒரு கிண்ணம் பப்பாளி. மதியம் நிறுத்துப் போட்ட 100 கிராம் சோறு, ரசம், ஒரு பொரியல், ஒரு டம்ளர் மோர். மாலையில் சர்க்கரை சேர்க்காத மாதுளைச் சாறு ஒரு டம்ளர், சில நாள்களில் ஒரு வாழைப்பழம். இரவு இரண்டு இட்லி, ஒரு முட்டையின் வெள்ளைக் கரு. மஞ்சள் கருவில் கொழுப்பு இருப்பதால் அதை வாசலில் நிற்கும் நாய்க்குப் போட்டுவிடுகிறேன். மீனை முழுவதும் நிறுத்திவிட்டேன்.

மறைமுக பிலிருபின் 1.5. பரிசோதனைக்கு முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை. தேவனாம்பட்டினம் கடற்கரையில் மணலில் ஒரு மணி நேரம் ஓடினேன். மாத்திரை என்று எதுவும் இல்லை என்று எழுதிவிட்டு, தாங்கள் சொன்னதற்காக மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். எடை குறைய உதவும் என்று நண்பர் ஒருவர் கொடுத்த கேப்ஸ்யூல், காலை ஒன்று இரவு ஒன்று, ஆறு வாரமாக எடுத்து வருகிறேன். டப்பாவில் கொடம்புளிச் சத்து, பச்சைத் தேயிலைச் சத்து என்று எழுதியிருக்கிறது. மூலிகை என்பதால் அதை மாத்திரைக் கணக்கில் சேர்க்கத் தோன்றவில்லை.

லாஸ்பேட்டை அம்மா எழுதியது:

அந்த டப்பாவை இன்றே மூடி வையுங்கள். ஆனால் தூக்கி எறிய வேண்டாம், மருத்துவரிடம் காட்ட வேண்டும். மீன் குழம்பில் இரண்டு சுளை கொடம்புளி போடுவதைப் பற்றி யாருக்கும் புகார் இல்லை. அதன் சாற்றைச் சுண்டக் காய்ச்சிச் செறிவாக்கி மாத்திரையாக விழுங்கியவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்தது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. பச்சைத் தேயிலையும் அப்படித்தான்: டம்ளரில் குடிக்கும்போது ஒன்று, செறிவூட்டிய சத்தாக விழுங்கும்போது வேறொன்று. முதுநகர் நண்பர் அன்போடு சொன்னாலும், சீந்திலை இந்த நேரத்தில் தொட வேண்டாம். கொரோனாக் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்காகச் சீந்தில் சாறு குடித்துக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். கீழாநெல்லியின் நன்மை தீமைக்குள் நான் போகவில்லை. கல்லீரல் எதனால் கோபித்துக்கொண்டிருக்கிறது என்று தேடும்போது புதிதாக ஒன்றை உள்ளே அனுப்பினால், தேடல்தான் குழம்பும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பட்டினி கிடக்கும்போது கல்லீரல் கொழுப்பு நேராகக் கரைந்து வெளியேறிவிடுவதில்லை. தோலுக்கடியிலும் வயிற்றிலும் சேர்ந்த கொழுப்பு உடைந்து, கொழுப்பு அமிலங்களாக இரத்தத்தில் இறங்குகிறது. அதில் பெரும்பங்கு கல்லீரலின் வாசலுக்குத்தான் வந்து நிற்கிறது. கல்லீரல் கொஞ்சத்தை எரிக்கிறது, மீதியைப் பொட்டலம் கட்டி மீண்டும் இரத்தத்தில் அனுப்புகிறது. அப்படிப் பொட்டலம் கட்டுவதற்குப் புரதமும் வேண்டும், கோலின் என்ற சத்தும் வேண்டும். வரத்து மெதுவாக இருந்தால் இரண்டு வேலையும் நடக்கும். நீங்கள் வாரத்துக்கு ஒன்றரைக் கிலோ வீதம் இறக்கியிருக்கிறீர்கள். மூட்டை மூட்டையாகச் சரக்கு வந்து இறங்க, கட்டி அனுப்பச் சாக்கும் இல்லை, கயிறும் இல்லை.

சாக்கும் கயிறும் எங்கே போயின என்பது நீங்கள் எழுதிய பட்டியலிலேயே தெரிகிறது. நான் கூட்டிப் பார்த்தேன். ஒரு நாளின் மொத்தப் புரதம் 25 கிராமைத் தாண்டவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்று வைத்தாலே, 72 கிலோவுக்கு 60 கிராம் வர வேண்டும்; எடையைக் குறைக்கும்போது தசை கரையாமல் இருக்க அதற்கும் சற்று மேலேயே வேண்டும். கோலினுக்கு வந்தால், ஆண்களுக்குப் போதுமானதாகச் சொல்லப்படும் அளவு நாளுக்கு 550 மில்லிகிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 150 மில்லிகிராம் இருக்கிறது, அதுவும் முழுக்க முழுக்க மஞ்சள் கருவில். கல்லீரலுக்கு வேண்டியதை நாய்க்குப் போட்டுவிட்டு, வெள்ளையை மட்டும் நீங்கள் உண்டிருக்கிறீர்கள். புரதம் கிடைக்காத குழந்தைகளுக்கு வரும் குவாஷியோர்க்கர் நோயில் தசை கரைந்து, கால் நீர் கோத்து வீங்கியிருக்க, கல்லீரலில் கொழுப்பு நிறைந்திருக்கும். பணியில் சேர்ந்த புதிதில் நான் அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். உங்கள் நிலை அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் காரணத்தில் ஒரு பகுதி அதே ஊர்தான்.

மாதுளைச் சாற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். சர்க்கரை சேர்க்கவில்லை என்றாலும் ஒரு டம்ளரில் 25 கிராம் அளவுக்குச் சர்க்கரை பழத்திலிருந்தே வந்துவிடுகிறது, தேன் தனி. அதில் பாதியளவு பிரக்டோஸ் என்ற பழச் சர்க்கரை. அதைக் கையாளும் பொறுப்பும் பெரும்பாலும் கல்லீரல் தலையில்தான் விழுகிறது. பழத்தைப் பழமாகவே மென்று உண்ணுங்கள்.

ஓட்டத்தின் பங்கு சிறியது, ஆனால் உண்டு. மணலில் ஓடிய தசையிலிருந்தும் எஸ்.ஜி.ஓ.டி. வெளிவரும், கொஞ்சம் எஸ்.ஜி.பி.டி.யும் வரும். வயது, இரண்டு நொதிகள், தட்டணுக்கள் ஆகியவற்றை வைத்து, கல்லீரலில் தழும்பு விழுந்திருக்குமா என்று மதிப்பிட ஃபிப்-4 என்றொரு கணக்குப் போடுவார்கள். உங்கள் எண்களுக்கு அது 1.1 அளவில் வருகிறது. 1.3க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்கும் வாய்ப்பு குறைவு என்று கொள்வது வழக்கம். அதனால் பதற்றம் வேண்டாம். ஆனால் மாத்திரை விவகாரம் இருப்பதால், மூன்று மாதம் காத்திராமல் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்தாலோ, வலப்பக்க விலாவுக்குக் கீழே வலித்தாலோ அன்றைக்கே போக வேண்டும். இவ்வளவு வேகமாக எடை இறங்கும்போது பித்தப்பையில் கல் சேரவும் வாய்ப்பு உண்டு. எண்ணெயையே ஒதுக்கிவிட்டால் பித்தப்பை சுருங்காமல் பித்தம் தேங்கி நிற்கும் என்பதால், ஒரு வேளை உணவிலாவது இரண்டு தேக்கரண்டி எண்ணெய் இருக்கட்டும்.

நிறுத்த வேண்டுமா என்று கேட்டீர்கள். கட்டுப்பாட்டை நிறுத்த வேண்டாம், வேகத்தை நிறுத்துங்கள். எடையில் 7 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே கல்லீரல் அழற்சி தணிகிறது என்பது உண்மை. நீங்கள் 14 விழுக்காட்டைத் தாண்டிவிட்டீர்கள். 1,500, 1,600 கலோரிக்கு ஏறி, வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடலூரில் இருந்துகொண்டு மீனை நிறுத்தியதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. கவலை மீனோ நெத்திலியோ 150 கிராம் குழம்பில் வெந்தால் அதிலேயே ஏறத்தாழ 30 கிராம் புரதம், வறுக்க வேண்டாம். முட்டை இரண்டு, மஞ்சளோடு. கொள்ளு அல்லது பாசிப்பயறு ஒரு கிண்ணம். பால் சேர்க்காத காப்பி பிடிக்குமென்றால், சர்க்கரையில்லாமல் இரண்டு வேளை குடிக்கலாம்; காப்பி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் நோய் குறைவாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன.

வில்லியனூர் பிரெஞ்சு எழுதியது:

பிலிருபினைப் பற்றி ஒரு வார்த்தை. கல்லூரி நாள்களில் நோன்பு இருந்த மறுநாளே என் கண்ணில் இலேசான மஞ்சள் தெரியும். காமாலை என்று சொல்லிப் பத்தியம் வைத்தே என்னை வளர்த்தார்கள். முப்பது வயதில்தான் அது கில்பர்ட் நிலை என்று தெரிந்தது. 1901இல் அதை விவரித்தவர் பிரெஞ்சு மருத்துவர். எங்கள் வீட்டுப் பெரியவர் அந்தப் பெயரை "ழில்பேர்" என்று திருத்திச் சொல்லிவிட்டுத்தான் மறுபேச்சுப் பேசினார். பிலிருபினைப் பக்குவப்படுத்தும் நொதி பிறவியிலேயே சற்று மந்தமாக இருப்பதுதான் காரணம். தீங்கில்லாதது, மருந்தும் தேவையில்லை. பட்டினி கிடந்தால் மறைமுக பிலிருபின் ஏறும். ஒரு காலத்தில் இரண்டு நாள் 400 கலோரி மட்டும் கொடுத்துப் பிலிருபின் ஏறுகிறதா என்று பார்த்தே இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நண்பரின் 1.9இல் 1.5 மறைமுகம் என்பதால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இரத்த அழிவு (சிவப்பணுக்கள் சிதைவது) எதுவும் இல்லை என்று மருத்துவர் உறுதி செய்த பிறகே அப்படி முடிவு கட்ட வேண்டும்.

மஞ்சக்குப்பத்தான், ஆறு வாரம் கழித்து எழுதியது:

மருத்துவர் டப்பாவைப் பார்த்ததும் முகம் சுளித்தார். மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கான பரிசோதனைகளில் எதுவும் இல்லை. இரத்த அழிவும் இல்லை, பித்தப்பையில் கல்லும் இல்லை. மாத்திரையையும் சாற்றையும் நிறுத்தினேன். 1,500 கலோரிக்கு ஏறினேன், மீன் வீட்டுக்குத் திரும்பி வந்தது. இப்போது எடை 71, எஸ்.ஜி.பி.டி. 41, எஸ்.ஜி.ஓ.டி. 33, மொத்த பிலிருபின் 1.4, அதில் மறைமுகம் 1.1. நாய் மட்டும் இன்னும் எட்டு மணிக்கு வாசலில் வந்து நிற்கிறது. எது காரணம் என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள வழி உண்டா, அம்மா?

லாஸ்பேட்டை அம்மா எழுதியது:

மகிழ்ச்சி. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியதால், மாத்திரையா, வேகமா, புரதக் குறைவா என்று இனிப் பிரித்துச் சொல்ல முடியாது. தெரிந்துகொள்ளும் ஆவலில் அந்த மாத்திரையை மீண்டும் விழுங்கிப் பார்த்துவிடாதீர்கள். மாத்திரைதான் காரணம் என்றால், இரண்டாம் முறை கல்லீரல் முன்னைவிடக் கடுமையாகத் தாக்கப்படலாம். அடுத்த பரிசோதனையை மூன்று மாதம் கழித்து, வழக்கமான உணவை உண்ட நாள்களுக்குப் பிறகே வைத்துக்கொள்ளுங்கள். கிருத்திகை விரதத்துக்கு மறுநாள் வேண்டாம், கடற்கரை ஓட்டத்துக்கு மறுநாளும் வேண்டாம்.