படிப்புக்கூடம்: பிளக் பாயின்ட்டும் எதிரொலியும்

கேள்வி: கல்லூரியில் காலியாகக் கிடக்கும் வகுப்பறையை 40 பேர் படிக்கும் கூடமாக்கப் போகிறோம். எத்தனை சாக்கெட் வேண்டும்? பேசினால் எதிரொலிக்கிறதே, என்ன செய்யலாம்?

பதில் 1: இருவருக்கு ஒன்றாவது வையுங்கள். லேப்டாப் சார்ஜர் 65 வாட் என்றால் 40-க்கு 2,600 வாட். ஒரே சர்க்யூட்டில் ஏற்றாமல் பிரித்து, தனித்தனி எம்.சி.பி. (லோடு மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச்) போடச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு பாக்ஸைச் செருக விடாதீர்கள். பிளக் பின் லூசாகி, சூடேறி, பிளாஸ்டிக் உருகும். எவராவது கெட்டில் மாட்டினால் போச்சு, அது மட்டுமே 1,500 வாட் இழுக்கும்!

பதில் 2: எதிரொலிக்கு வெறும் சுவரும் டைல்ஸும்தான் காரணம். சுவரில் முட்டை அட்டை ஒட்ட வேண்டாம்; பேச்சொலியை உருப்படியாக உறிஞ்சாது, தீயும் பிடிக்கும். துணி போர்த்திய 50 மி.மீ. ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு) பேனலை முதலில் சீலிங்கில் மாட்டுங்கள். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் புஷ்ஷும் போடுங்கள்.

கேட்டவர்: வெளிச்சம்?

பதில் 1: மேஜை மட்டத்தில் 500 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு). டியூப் லைட் வரிசை மேஜைக்கு நேர் மேலே வரட்டும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் புத்தகத்தில் தலை நிழல் விழும்.